அலசல் அக்கா மிஷின் வாங்கிய கதை

அந்த அக்காவுக்கு 'அலசல்' என்று முதலில் பெயர் வைத்தது யார் என்று இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. வண்டி கழுவுகிற தொழில், அதனால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளோடு ஒரு தடவை செருப்புக் கடைக்குப் போனவர்களுக்குத்தான் உண்மை தெரியும். போட்டு நடப்பாள், கழற்றி மடக்குவாள், அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டுவாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். கடைக்காரர் அட்டைப்பெட்டியை மூடப்போகும் நேரம் பார்த்து, "யோசிச்சுட்டு வரேன்" என்று வாசலைத் தாண்டியிருப்பாள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டவனையும் அப்படித்தான் நிறுத்தி வைத்தாள். கேட்டவன் பஞ்சர் கடைக்காரன். எதையும் டக்கென்று முடிவு செய்கிறவன் என்பதால் அவனுக்கு 'டக்கு' என்றே பெயர். ஒரு டயரை மாட்டி முடிப்பதற்குள் கேட்டுவிட்டான். பதில் வர ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. "வாழ்க்கையில அந்த ஒரு தடவைதான் நான் பொறுமையா இருந்தேன். இருந்த பொறுமை மொத்தமும் அதுலயே தீந்துபோச்சு" என்று காற்றுப் பிடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

வண்டி கழுவ வருவதற்கு முன்னால் அக்கா ஒரு சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கூடத்தை மூடிய பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் புருஷனின் கடைக்கு வந்து உட்காருவாள். ஒருநாள் பஞ்சர் ஒட்ட வந்த டாக்ஸியின் கண்ணாடியில் பூச்சிகள் அப்பிக் கிடந்ததைப் பார்த்துக் கை அரித்தது. ஒரு துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடி பளிச்சென்று ஆனதும் கதவு அழுக்காகத் தெரிந்தது. கதவைத் துடைத்ததும் சக்கரம் கண்ணை உறுத்தியது. டீ குடிக்கப் போயிருந்த டாக்ஸிக்காரர் திரும்பி வந்து, அடையாளம் தெரியாமல் தன் வண்டியைத் தாண்டிப் போய்த் தெருமுனை வரை தேடிவிட்டு வந்தார். மறுநாள் அவருடைய சகாக்களும் பஞ்சர் ஆகாத வண்டிகளோடு வந்து நின்றார்கள். பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் சிமெண்ட் போட்ட காலி இடம் ஒன்று இருந்தது. தொழில் அங்கேயே வேர் பிடித்துவிட்டது.

சோப்புத் தண்ணிக்கு ஒரு வாளி, நல்ல தண்ணிக்கு ஒரு வாளி, இடுப்பில் செருகிய துணிகள். இவ்வளவுதான் அவளுடைய சொத்து. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்க்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற மாட்டாள். இருக்கைக்கு அடியில் கிடந்த ஒற்றைக் கம்மல், குழந்தையின் பால் பல், பாதி எழுதிய காதல் வாழ்த்து அட்டை என்று அவள் எடுத்துக் கொடுத்த பொருள்கள் ஏராளம். வாழ்த்து அட்டையை மட்டும் வண்டிக்காரரின் மனைவி இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுத்தாள். அது மனைவிக்கு எழுதியதுதான் என்று அந்த மனிதர் சத்தியம் செய்தார். அவள் நம்பவுமில்லை, நம்பாமலும் இல்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த தொழிலில் வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் வாளி தூக்கும்போது மட்டும் வலித்தது. பிறகு வாளியைப் பார்த்தாலே வலித்தது. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், பின்னால் வளைக்கச் சொன்னார். "வாளிக்கும் உங்களுக்கும் இனிமே ஒத்து வராதும்மா" என்று முடித்துவிட்டார்.

அப்போதுதான் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுகிற பிரஷர் வாஷர் பேச்சு வந்தது. ஊரில் ஆளாளுக்கு அதற்கு ஒரு யோசனை வைத்திருந்தார்கள். "நூறு பார் போதும்" என்றார் டாக்ஸிக்காரர். "நூறு பார் கொசு விரட்டக்கூடப் பத்தாது" என்றார் லாரிக்காரர். டக்குவின் தங்கை ஒரு மிஷின் கடையில் விற்பனையாளராக இருந்தாள். அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மிஷின் படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்து பரப்பினாள்.

"அண்ணி, இது நூத்தி முப்பது பார். இது நூத்தி எழுபது. இது எவ்வளவு தெரியுமா?"

"பார் பார்னு சொல்றியே, அது என்னன்னு முதல்ல சொல்லு."

"தண்ணி எவ்வளவு வேகமா அடிக்கும்ங்கற கணக்கு அண்ணி."

"வேகமா அடிச்சா அழுக்கு போயிடுமா? உங்க அண்ணன் கூடத்தான் எல்லாத்தையும் வேகமா செய்றாரு."

நாத்தனார் சிரித்துவிட்டு அட்டையை வைத்துவிட்டுப் போனாள். அக்கா யோசித்தாள். வேறொரு சர்வீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று அங்கே கழுவுவதைப் பார்த்தாள். மேலும் யோசித்தாள். காலண்டரில் தாள்கள் கிழிந்துகொண்டே இருந்தன.

ஒருநாள் காலை டக்கு கடைக்குக் கிளம்புவதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி முன்னால் அக்கா தலையைக் குனிந்து, இடது கையால் மட்டும் முடியைச் சுருட்டிக் கொண்டை போடப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டை அவிழ்ந்தது. மறுபடி சுருட்டினாள். மறுபடி அவிழ்ந்தது. அவன் பொத்தான் போடுவதை நிறுத்திவிட்டான். அவள் திரும்பியபோது அவன் அங்கே இல்லை.

மதியம் ஒரு சின்ன லோடு வண்டி கடை முன்னால் வந்து நின்றது. டக்கு அதிலிருந்து குதித்தான். பின்னாலிருந்து ஒரு மிஷினை இறக்கினார்கள். ஒரு கன்றுக்குட்டி உயரம். துருப்பிடித்த சக்கரம், கட்டைவிரல் தடிமனில் ஹோஸ் குழாய், ஆள் உயரத்துக்கு ஒரு கைப்பிடி.

"என்னங்க இது?"

"மிஷின்."

"அது தெரியுது. யாரோடது?"

"நம்மளோடது! காங்க்ரீட் கலக்குற லாரியெல்லாம் கழுவுற இடத்துல கிடந்துச்சு. ஒட்டிக் காஞ்சு போன சிமெண்டே பேந்து வருதாம். அழுக்கு எம்மாத்திரம்!"

"யோசிச்சீங்களா?"

"வர்ற வழியில யோசிச்சேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் லோடு வண்டிக்காரர் முன்னால் எதுவும் சொல்லவில்லை. டக்கு மிஷினைப் போட்டு எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டினான். பல வருஷத்துப் பாசி பாய் சுருட்டுவது போலச் சுருண்டு விழுந்தது. பாசியோடு கொஞ்சம் சுண்ணாம்பும் வந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

"வண்டிக்கு இது வேண்டாங்க" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, டிரைவிங் ஸ்கூல் மேடத்தின் சின்னக் கார் வந்து நின்றது. பயிற்சி மைதானத்துச் சேறு ஜன்னல் வரை ஏறியிருந்தது.

"அடுத்த கிளாஸுக்கு நேரமாச்சு. சட்டுனு முடிச்சுக் குடுங்க" என்று மேடம் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார். சட்டென்று என்ற சொல் காதில் விழுந்ததும் டக்குவுக்கு இறக்கை முளைத்துவிட்டது. அக்கா முன்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். உறுமல் கேட்டது. சேறு பறந்தது. அக்காவின் தலையிலும் கொஞ்சம் விழுந்தது. மேடம் வந்தார், "அட, பரவாயில்லையே" என்றார், ஏறினார், போய்விட்டார்.

அக்கா முகத்தைத் துடைத்தாள். முழங்கையில் ஏதோ ஒட்டியிருந்தது. உரித்துப் பார்த்தால் சிவப்பு ஸ்டிக்கரில் ஓர் எழுத்து. 'க்'. பக்கத்துத் தூணில் 'தீ' ஒட்டிக்கொண்டிருந்தது. வடிகால் சல்லடையில் 'கா', 'ர்', 'க', 'ள்'. எல்லாவற்றையும் பொறுக்கிச் சிமெண்ட் தரையில் வரிசையாக வைத்தாள். டக்குவும் குனிந்து பார்த்தான்.

"'க்காதீர்கள்'. என்ன இது? எதை 'க்காதீர்கள்'?"

அந்தக் காரின் பின்னால் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கு மனப்பாடம். வாராவாரம் துடைக்கிறவள் அல்லவா? 'கற்பவர் ஓட்டுகிறார். ஹாரன் அடிக்காதீர்கள்.'

"என்னங்க, இப்ப அந்த வண்டியில 'ஹாரன் அடி'ன்னு மட்டும் இருக்கு."

டக்குவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான். மேடத்துக்குப் போன் போட்டார்கள். வகுப்பு நேரத்தில் மேடம் போனை எடுக்க மாட்டார். அடித்து ஓய்ந்தது.

அன்று ஓட்டக் கற்றவர் பல் டாக்டர் ஒருவர். ஊரே அவரைப் பார்த்துப் பயப்படும். அவரோ ஸ்டீயரிங்கைப் பார்த்துப் பயந்தார். யாராவது பின்னால் ஒரு தடவை ஹாரன் அடித்தால் போதும், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிடப் பார்ப்பார். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் மேடம் அந்த ஸ்டிக்கரையே ஒட்டியிருந்தார். அன்றைக்கு அந்தக் காரின் பின்னால் பைக்கில் வந்தவன் படித்தான், அடித்தான். வேன்காரர் சந்தோஷமாக அடித்தார். ஒரு லாரிக்காரர் பல ராகங்களில் அடித்துவிட்டு, முந்திப் போகும்போது கையையும் ஆட்டினார். பள்ளிக்கூட வேனில் இருந்த பிள்ளைகள் டிரைவரைக் கெஞ்சி அடிக்க வைத்தார்கள்.

"மேடம், நான் என்னதான் தப்பு பண்றேன்?" என்று பல் டாக்டர் அழாத குறையாகக் கேட்டாராம்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல சார். ஊருக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்கு. நேரா பாத்து ஓட்டுங்க."

சாயங்காலம் கார் திரும்பி வந்தது. ஓட்டி வந்தது பல் டாக்டர். மேடம் இறங்கி, காரின் பின்பக்கத்தை விரலால் காட்டினார். அக்கா பொறுக்கி வைத்திருந்த எழுத்துகளை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மேடம், தப்பு எங்களோடதுதான். புது ஸ்டிக்கர் நான் ஒட்டித் தரேன்."

"எழுத்தைப் பரிமாறுறீங்களா? சாம்பார்க் கரண்டிதான் குறைச்சல்!" மேடம் முறைக்கத்தான் நினைத்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. அவர் சிரித்ததும் பல் டாக்டரும் இறங்கி வந்து பார்த்தார். "அதனாலதானா?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு மேடம். இன்னிக்கு அடிச்ச அடியில எனக்குப் பயமே விட்டுப்போச்சு. இனிமே எவன் அடிச்சாலும் நகர மாட்டேன்."

"நகரணும் சார். நகரத்தான் கத்துக்கறீங்க" என்றார் மேடம்.

அவர்கள் போன பிறகு அக்கா மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். டக்கு தள்ளி நின்று ஒரு டயர் டியூபை வீணாகத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா யோசிக்கறேன்னு சொல்லுவ."

"யோசிச்சா என்ன?"

அவன் டியூபை விட்டான். "காலையில ஒத்தக் கையால முடியோட மல்லுக்கட்டிட்டு இருந்த. நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கை போயிடுமோன்னு பயந்துட்டேன். அதான்."

அவள் வலது தோளைத் தடவிக்கொண்டே, "அவ்வளவு நாளா ஆயிடுச்சு?" என்றாள்.

"ஆயிடுச்சு."

"சரி, இந்த வாரமே வாங்கிடலாம். ஆனா நான் பாத்துத்தான் வாங்குவேன்."

அந்தப் பெரிய மிஷினும் வீணாகவில்லை. பழைய கட்டிடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒருவர், சுவரில் பாசி போயிருந்த விதத்தைப் பார்த்தே மயங்கி அதை வாங்கிக்கொண்டு போனார்.

நாத்தனாருடைய கடைக்கு அக்கா வெறுங்கையோடு போகவில்லை. மேடத்திடம் காரைக் கேட்டாள். "தாராளமா, நானே ஓட்டிட்டு வரேன். புது ஸ்டிக்கர் ஒட்டற வரைக்கும் அதுல உரியறதுக்கு என்ன இருக்கு?" என்றார் மேடம். முதல் நாள் சாயங்காலமே அக்கா காரின் ஒரு பக்கம் முழுக்க மைதானத்துச் சேற்றைப் பூசிக் காயவிட்டாள். கதவில் ஒரு துண்டு ஸ்டிக்கரும் ஒட்டினாள். ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பிக் காரில் ஏற்றி, அதை அணைத்துப் பிடித்துக்கொள்ளும்படி டக்குவிடம் சொன்னாள்.

கடை வாசலில் சேறு பூசிய கார் வந்து நின்றதும் முதலாளி ஓடி வந்தார். "என்னம்மா, கடைக்கு முன்னாடி என்ன பண்றீங்க?"

நாத்தனார் கையைப் பிசைந்தாள். "சார், இது எங்க அண்ணி..."

"அழுக்கு வண்டியில்லாம மிஷினை எப்படி சார் பாக்கறது?" என்றாள் அக்கா. "கதவைத் தொறந்து பாக்காம வீடு வாங்குவீங்களா?"

அதற்குள் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்த முதலாளி மனம் மாறி, பிளக்கை மாட்டச் சொன்னார்.

முதல் மிஷின் கைக்கு அடக்கமாக, அழகாக இருந்தது. போட்டதும் மிக்ஸி போல வீறிட்டது. சேறு போகத்தான் செய்தது. ஆனால் பாதிக் கதவு கழுவி முடிப்பதற்குள் மோட்டாரைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.

"இது வீட்டுல வாரத்துக்கு ஒரு கார் கழுவறவங்களுக்கு அண்ணி" என்று நாத்தனார் உண்மையைச் சொல்லிவிட்டாள். முதலாளி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டாவது, அட்டையில் பெரிய எண் போட்டது. அக்கா எட்ட நின்று அடித்தாள். ஸ்டிக்கர் தாங்கியது. ஒரு அடி கிட்டே போனாள். ஓரம் நடுங்கியது. இன்னும் கிட்டே போனதும் ஸ்டிக்கர் பறந்து கூட்டத்தில் ஒருவர் சட்டையில் ஒட்டிக்கொண்டது. கைதட்டல் எழுந்தது. அவள் மிஷினை நிறுத்தினாள்.

"எட்ட நின்னு அடிச்சா ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் முதலாளி.

"எப்பவும் எட்டவே நிப்போமா சார்? அவசரத்துல எங்க வீட்டுக்காரர் வண்டிக்குக் கிட்டக்கப் போயிடுவாரு."

டக்கு டிரம்மைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

மூன்றாவது கொஞ்சம் கனம். நடுத்தர எண். எடுத்துக் காட்ட நாத்தனாரே தயங்கினாள், பார்க்க அத்தனை சாதாரணம். போட்டதும் மோட்டார் மின்விசிறி போல அடங்கி ஓடியது. வேகம் குறைவுதான், ஆனால் தண்ணீர் அதிகம். காய்ந்த சேற்றைப் பிய்க்காமல் ஊறவைத்துத் தள்ளிக்கொண்டு போனது. அக்கா கைப்பிடி நுனியில் இருந்த நாசிலைத் திருகி நீரை விசிறி போல விரித்தாள். கதவு மேலிருந்து கீழாக வெளுத்து வந்தது. மறுபடி ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக் கிட்டே போய் அடித்தாள். அசையவில்லை.

பிறகு மூன்று மிஷின்களின் பைப்பையும் ஒவ்வொன்றாக டிரம்முக்குள் போடச் சொன்னாள். அவள் இடத்தில் குழாய்த் தண்ணீர் சில நாள் வரும், சில நாள் முறைத்துக்கொள்ளும். முதல் இரண்டும் டிரம்மிலிருந்து தண்ணீர் எடுக்காமல் இருமின. மூன்றாவது கொஞ்சம் தடுமாறிவிட்டு, தானே உறிஞ்சிக்கொண்டது.

கடைசியாக மூன்றாவது மிஷினின் கைப்பிடி விசையைப் பிடித்துப் பார்த்தாள். எண்ணெல்லாம் மறந்துபோனவள் போலக் கண்ணை மூடிக்கொண்டு, விசையை அழுத்தியபடியே நின்றாள். கூட்டம் சலசலத்தது. "என்ன பண்றாங்க?" என்று யாரோ கேட்டார்கள். மேடம் அவர்களை அடக்கினார். அக்கா அப்படியே நின்றாள். விரல் கடுக்கவில்லை. தோள் ஒன்றும் சொல்லவில்லை. நாள் முழுக்கப் பிடிக்கப்போவது அவள் கை அல்லவா? அந்தக் கைதான் சொல்ல வேண்டும்.

கண்ணைத் திறந்தாள். "இதுதான்."

"யோசிச்சுட்டு வரலையா?" என்றான் டக்கு.

"இவ்வளவு நேரம் என்ன பண்ணினேன்னு நெனச்சீங்க?"

கூட்டத்தில் இருந்த இருவர் அதே மிஷினைக் கேட்டதால், முதலாளி நாத்தனாரைப் பார்த்த பார்வையும் இளகிவிட்டது. அக்காவுக்கு ஒரு நீள ஹோஸை இனாமாகக் கொடுத்தார். "அடுத்த வாரமும் சேறு பூசிக்கிட்டு வாங்கம்மா" என்றுகூடச் சொன்னார்.

மிஷின் வந்த புதிதில் அக்கா ஒரு காரியம் செய்தாள். சிமெண்ட் தரையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டாள். கழுவ நிற்கும் வண்டிக்கும் அந்தக் கோட்டுக்கும் ஒரு எட்டு வைக்கிற இடைவெளி. "இந்தக் கோட்டைத் தாண்டி வந்து யாரும் தண்ணி அடிக்கக்கூடாது" என்று டக்குவிடம் சொன்னாள். யாரும் என்றால் யார் என்று அவன் கேட்கவில்லை. வாளிகள் இரண்டும் ஓய்வு பெற்றுத் துணி ஊறவைக்கப் போயின. தோள் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆனால் டாக்டர் அடுத்த தடவை கையைத் தூக்கச் சொன்னபோது அவள் தூக்கிய உயரத்தைப் பார்த்து, "என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

வேலை பெருகியது. கார் போய் வேன் வந்தது, வேன் போய் லாரி வந்தது. ஒரு காலையில் சுற்றுலா பஸ் ஒன்றே வந்து, தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் தூரப் பயணம் ஓட்டிவிட்டு வந்தவர், கண்ணெல்லாம் செக்கச் செவேல்.

"பஸ்ஸு கழுவுவீங்களா?"

அக்கா பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். ஒரு பக்கம் முழுக்க மண், முன்பக்கம் முழுக்கப் பூச்சி, பின் ஏணியில் யாருடையதோ காய்ந்துபோன துண்டு ஒன்று.

"கழுவலாம். நேரமாகும். நீங்க உள்ள உக்காருங்க."

இனாமாகக் கிடைத்த ஹோஸ் பஸ்ஸின் அந்தக் கடைசி வரை எட்டியது. கூரையோரத்திலிருந்து ஆரம்பித்துக் கீழே கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். டக்கு சக்கரங்களைத் தேய்த்தான், அது மட்டும் அவனுடைய ராஜ்ஜியம். மதியம் வாக்கில் பஸ் கடைப் பொம்மை மாதிரி மின்னியது. டிரைவரைக் கூப்பிட ஏறிப் பார்த்தால், மனிதர் கடைசி வரிசையில் காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு தண்ணீர் அடித்தும் அவர் புரளக்கூட இல்லை.

அக்கா சத்தமில்லாமல் இறங்கினாள். டக்கு டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரின் சுவிட்சில் கை வைக்கப்போனான்.

"இருங்க. அவரு எந்திரிச்சப்புறம் போடலாம்."

"எப்ப எந்திரிப்பாரு?"

"தெரியல. டீ வாங்கிட்டு வாங்க."

அவன் டீ வாங்கப் போனான். அவள் தலைத்துணியை அவிழ்த்து உதறி, ஈரம் காயாத பஸ்ஸின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.